துருவேறிய நட்டைக் கழற்றுவது: துரு இளக்கும் எண்ணெயோடு பல வருடங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் கார் நிறுத்துகிறவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. என்னுடையது 110 கொரொல்லா. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை கையிலிருந்த காரைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எஞ்சின் வேலைகளை வீட்டிலேயே செய்யப் பழகியதும் அப்போதுதான்.

அதில் மிகவும் படுத்தியவை, புகை வெளியேறும் மெனிஃபோல்டையும் முன் குழாயையும் இணைக்கும் நட்டுகள். வெப்பமும் உப்புக்காற்றும் மாறிமாறித் தாக்கும் இடம் அது. நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி, ஸ்டட்டின் (நட் ஏறும் தலையில்லாத மரைக் கம்பி) மரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதபடி துரு மூடியிருந்தது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. மரைகளுக்கிடையே ஏற்கெனவே மயிரிழை இடைவெளிதான். துரு அதையும் அடைத்து நெருக்குகிறது. அங்கே பலத்தைக் காட்டினால் முறிவது ஸ்டட்தான்.

எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி-40 முதலில் நினைவுக்கு வரும். 1953இல் அது உருவானது ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக. அந்த வேலையை இன்றும் அருமையாகச் செய்கிறது. என் ஸ்பானர்கள் கடற்காற்றில் கெடாமல் இருப்பது அதனால்தான். இறுகிக் கிடக்கும் நட்டுக்கு, துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் வேண்டும். கியர் ஒயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து வைப்பவர்களும் உண்டு. ஆட்டோமெட்டிக் கியர் உள்ள கார்களின் கியர்பொக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயைத்தான் சொல்கிறேன். நானும் பாவித்திருக்கிறேன், நன்றாகவே ஊறுகிறது. ஆனால் இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்டைத் தின்னும், சட்டென்று தீப்பற்றும். கடை எண்ணெய் கிடைக்கும்போது இந்தக் கலவைக்கு நான் போவதில்லை.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு நேரம் ஊறவிட்டோம் என்பதே பெரிது. மாலையில் ஓட்டி வந்து, எஞ்சின் ஆறி வெதுவெதுப்பாக இருக்கும்போது கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எண்ணெய் விடுவேன். சுத்தியலால் நட்டின் தலையில் மெதுவாகத் தட்டுவேன். மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமைதான் சொக்கெட்டைத் தொடுவேன். அதுவும் ஆறுமுனைச் சொக்கெட். பன்னிரண்டு முனை உள்ளது மழுங்கிய நட்டில் வழுக்கிவிடும்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கப் போன இடத்தில் ஒரு வயதான பாஸ் சொன்னார்: “தம்பி, கழற்ற முதல் ஒரு நூலளவு இறுக்குங்கள்.” அது பொன்னான வார்த்தை. இறுக்கும்போது துருவின் பிடி முதலில் உடைகிறது. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். வேலை முடிந்தது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ரப்பர்போல இழுபட்டால் உடனே நிறுத்துங்கள், முறுக்குப்படுவது ஸ்டட். திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள்.

அப்படியும் அசையாததற்குக் கேஸ் டோர்ச். நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்கினால் அது ஸ்டட்டைவிட முந்தி விரிகிறது. எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டில் இறங்கியிருக்கும் ஸ்டட் என்றால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குவது நல்லது. உருக்கைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். முன்பு விட்ட எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, பெற்றோல் குழாய் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே நெருப்பைப் பற்ற வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் நெருப்பு கூடவே கூடாது, அதிலிருந்து பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

முறிந்த ஸ்டட்டுக்குள் துளையிட்டு, அதைப் பிடித்துத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவியைச் செலுத்துவதை நான் வீட்டில் செய்வதில்லை. அது உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைக்கருவி அதைத் தொடவும் முடியாது. முனை சற்று வெளியே நீண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து கழற்றுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுப்பதே மேல்.

இத்தனை வருடப் பாவனையில் என் மனதுக்கு மிகவும் நிறைவு தந்தது திரும்பப் பூட்டும்போது தடவிய கொப்பர் கிரீஸ். புதிய ஸ்டட், பித்தளை நட், மரையில் மெல்லிய பூச்சாக அந்தப் பசை. பின்னர் கஸ்கெட் மாற்றுவதற்காக அதே நட்டுகளைத் திறந்தேன். சிறிய ரட்செட்டுக்கே இளகி, மீதியை விரலால் சுற்றி எடுக்க முடிந்தது. மரையில் செம்பு நிறம் அப்படியே இருந்தது.

ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் இதைத் தடவாதீர்கள். பிளக் மரையில் ஏற்கெனவே முலாம் உண்டு. பசை பட்டால் வழுக்கி, அளவுக்கு மேல் இறுகி, ஹெட்டின் மரை போய்விடும். தங்கள் பிளக்குகளுக்கு இது வேண்டாம் என்று என்.ஜி.கே. நிறுவனமே சொல்கிறது. பிளக்கைக் கழற்றுவதானால் எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.