டூம் போர்ட்: சூப்பர் நின்டெண்டோவா, 3டிஓவா, சாட்டர்னா?

என் அக்கா மகனுக்கு இருபத்திரண்டு வயது. தான் பிறப்பதற்கு முன்பே கடைகளிலிருந்து காணாமல் போன கேம் பெட்டிகள்மேல் அவனுக்குத் திடீர்க் காதல். போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கைப்பேசியை நீட்டினான். கரோசல் என்ற, பழைய பொருள் விற்கும் செயலியில் யாரோ மூன்று பெட்டிகளை விற்கிறார்கள்: சூப்பர் நின்டெண்டோ, 3டிஓ, சேகா சாட்டர்ன். மூன்றோடும் டூம் வருகிறது, அரக்கர்களைச் சுட்டுக்கொண்டே ஓடும் அந்தப் பழைய கேம்.

"மாமா, எதை வாங்கட்டும்?"

"ஒண்ணும் வேணாம், கம்ப்யூட்டர்லயே ஆடு" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்த மூன்றையும் வருஷக்கணக்கில் நோண்டியவன் நான். என்னுடைய 3டிஓ, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் அங்கே பேரம் பேசி வாங்கியது. அதனால் அவனை உட்காரவைத்துத் தே தாரேக் ஆற்றிக் கொடுத்து ஆரம்பித்தேன்.

காகிதத்தில் பார்த்தால் இதில் போட்டியே இல்லை. சூப்பர் நின்டெண்டோவின் மூளை 3.58 மெகாஹெர்ட்ஸ். 3டிஓவில் 12.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் ஆர்ம் சில்லு. சாட்டர்னில் 28.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்ஹெச்-2 சில்லு ஒன்றல்ல, இரண்டு. பிறகு ஏன் மூன்றிலும் எனக்கு அதிகம் பிடித்தது அந்தக் கிழட்டு நின்டெண்டோ? விடை பெட்டிக்குள் இல்லை. அந்தப் போர்ட்டின் முதல் பில்டு யார் கையில், எப்படி உருவானது என்பதில் இருக்கிறது. போர்ட் என்றால் ஒரு கேமை வேறொரு பெட்டிக்கு மாற்றி எழுதுவது; பில்டு என்றால் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு பதிப்பு.

டூம் 1993 டிசம்பர் 10 அன்று கம்ப்யூட்டருக்கு வந்தது. டூமைச் செய்த இட் சாஃப்ட்வேரின் ஜான் கார்மாக் அதை அட்டாரி ஜாகுவார் என்ற கேம் பெட்டிக்குத் தானே மாற்றி எழுதினார். பின்னால் வந்த பல கன்சோல் போர்ட்களுக்கும் அந்த ஜாகுவார் நிரல்தான் தாய்வீடு. நின்டெண்டோ போர்ட் மட்டும் அந்த வம்சத்தில் சேராது.

அதை எழுதியவர் ராண்டி லிண்டன். ஸ்கல்ப்சர்டு சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டூமை நின்டெண்டோவில் ஓட்டிக் காட்டு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மூல நிரலும் கையில் இல்லை. டூமின் கோப்புகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ரசிகர்கள் ஆராய்ந்து எழுதிவைத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, கேமை ஓட்டும் எஞ்சினைத் தானே எழுதினார். அதற்குத் தேவையான அசெம்பிளர், லிங்கர், டீபக்கர் என்ற நிரல் கருவிகள் எல்லாவற்றையும் அமிகா கம்ப்யூட்டரில் தானே செய்துகொண்டார். சோதித்துப் பார்க்க முறையான கருவி கிடையாது. ஸ்டார் ஃபாக்ஸ் என்ற இன்னொரு நின்டெண்டோ கேமின் கார்ட்ரிட்ஜ் (பெட்டியில் செருகும் கேம் பொதி) ஒன்றை உடைத்து மாற்றி, கட்டுப்பாட்டுக் கருவிகளின் வயரை வழியாக்கி, அமிகாவிலிருந்து நின்டெண்டோவுக்குள் நிரலை அனுப்பினார். ஓடுகிற பில்டைக் காட்டிய பிறகுதான் நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. 1995இல் கார்ட்ரிட்ஜ் வெளிவந்தது.

கார்ட்ரிட்ஜுக்கு உள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற துணைச் சில்லு இருந்தது. பெட்டியைவிட கார்ட்ரிட்ஜ் வேகமானது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் இடம் இரண்டே மெகாபைட். அதனால் வெட்டு விழுந்தது. தரைக்கும் கூரைக்கும் சித்திரம் போய், ஒரே நிறப்பட்டையாக ஆனது. அரக்கர்களின் முதுகும் விலாவும் போயின. எந்தப் பக்கம் போய் நின்றாலும் அவர்கள் உங்களையே முறைத்துக்கொண்டிருப்பார்கள், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் மாதிரி. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே திரும்ப முடியாது. பாதியில் சேமித்துவைக்கவும் வழியில்லை.

இவ்வளவு போன பிறகும் மிச்சம் இருப்பது டூம்தான். அரங்குகளின் (லெவல்களின்) வடிவத்தை அவர் எளிமையாக்கவில்லை. படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கிறது, ரகசியக் கதவு அதே இடத்தில் திறக்கிறது. எதை விடக்கூடாது என்று எழுதியவருக்கே தெரிந்திருந்தது, ஏனென்றால் முதல் பில்டு அவர் ஆசைப்பட்டுச் செய்தது. 2020இல் அந்த மூல நிரலையே அவர் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2024இல், புதுச் சில்லோடு, விடுபட்ட அரங்குகளையும் சேர்த்து, திரும்பவும் கார்ட்ரிட்ஜாகக் கொண்டுவருவதாக அறிவிப்பும் வந்தது. முப்பது வருஷம் கழித்து தன் பில்டைத் திருத்த உட்கார்ந்த மனிதரை என்ன சொல்வது!

அடுத்து 3டிஓ. இங்கே கதை தலைகீழ். உரிமம் வாங்கியது ஆர்ட் டேட்டா இன்டராக்டிவ் என்ற சின்ன நிறுவனம். புது ஆயுதங்கள், புது அரங்குகள் என்று பெரிய பேச்சு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நிரலாளர் ரெபெக்கா ஹைனமனை முடித்துத்தரக் கூப்பிட்டபோது, பாதி வேலை முடிந்திருக்கும் என்று நம்பித்தான் அவர் போனார். இருக்கும் பில்டைக் கேட்டால் பில்டே இல்லை. நிரல் எங்கே என்று கேட்டதற்குக் கடையில் விற்கும் டூம் வட்டு ஒன்று வந்து சேர்ந்ததாம். ஆயுதத்தின் படத்தை வரைந்து சேர்த்துவிட்டால் அது தானாகச் சுட ஆரம்பித்துவிடும் என்கிற அளவில்தான் அந்த நிறுவனத்தில் புரிதல் இருந்தது என்று ஹைனமன் பின்னால் எழுதியிருக்கிறார்.

கையில் பத்து வாரம். இட் சாஃப்ட்வேரிடம் ஜாகுவார் நிரலை வாங்கி, தனியாளாக 3டிஓவுக்கு மாற்றினார். கம்ப்யூட்டரில் இருந்த இசை முறையைத் திரும்ப எழுத நேரமில்லாததால், பாடல்களை ஓர் இசைக்குழுவை வைத்து நிஜக் கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்தார்கள். விளைவு, மூன்றிலும் கேட்க ஆகச் சிறந்தது இதுதான்! பார்க்கத்தான் முடியாது. திரையைச் சுருக்கி வைத்தால் ஓரளவு ஓடும், பெரிதாக்கினால் திணறும். என் 29 அங்குல டிவியில் தபால்தலை அளவுக்கு ஒரு டூம். 2014இல் ஹைனமன் மூல நிரலை வெளியிட்டார். அதை எடுத்துக்கொண்டு ரசிகர் ஒருவர் ஆப்டிடூம் என்று செதுக்கினார். அதே பெட்டியில் அது இன்னும் நன்றாக ஓடுகிறது. குறை பெட்டியில் இல்லை, காலண்டரில்தான் இருந்தது.

நம்ம ஊர் சங்கதி ஒன்று இங்கே. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 3டிஓ பிளாஸ்டர் என்று ஓர் அட்டை விற்றது. கம்ப்யூட்டருக்குள் செருகினால் 3டிஓ கேம் ஆடலாம். அதே நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வழியாகத்தான் உலகத்தில் பாதிப் பேர் அசல் டூமின் துப்பாக்கிச் சத்தத்தையே கேட்டார்கள். ஆக, அசல் டூம் ஜோராக ஓடக்கூடிய கம்ப்யூட்டரில் அட்டை ஒன்றைச் செருகி, அதில் சுருங்கிப்போன டூமை ஆட வசதி இருந்தது. அப்படி யாராவது ஆடியிருந்தால் அவரைச் சந்திக்க ஆசை.

சாட்டர்ன்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இதற்கு ரேஜ் சாஃப்ட்வேரின் ஜிம் பாக்லி ஒரு முதல் பில்டு செய்தார். சாட்டர்னின் வரைகலைச் சில்லையே பயன்படுத்திச் சுவர்களை வரைந்தார். அது வேகமாக ஓடியது. ஆனால் அந்தச் சில்லு ஒரு பெரிய சுவரைச் சாய்வாக வரையும்போது, அதன்மேல் உள்ள சித்திரம் தண்ணீரில் போட்ட துணி மாதிரி நெளியும். கார்மாக்குக்கு அது பிடிக்கவில்லை. வரைகலைச் சில்லை விட்டுவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளிலேயே, அதாவது பெட்டியின் மூளையை வைத்தே வரையச் சொன்னார். பாக்லி இரண்டு எஸ்ஹெச்-2களையும் போட்டுப் பிழிந்தார். 1997இல் வெளிவந்தபோது பிளேஸ்டேஷனில் இருந்த வண்ண வெளிச்சம் இதில் இல்லை, வேகமும் இல்லை. நாலு அரக்கன் ஒரே அறைக்குள் வந்தால் படம் நொண்டும்.

பிளேஸ்டேஷனிலும் இதே நெளிவுப் பிரச்சினை உண்டு. அங்கே சுவரை ஒரு பிக்சல் அகலமுள்ள செங்குத்துப் பட்டைகளாக நறுக்கி, சில்லை வைத்தே வரைந்து சமாளித்துவிட்டார்கள். சாட்டர்னிலும் சோதித்துப் பார்க்க விட்டிருக்கலாம் என்று கார்மாக்கே பல வருஷம் கழித்து ட்விட்டரில் ஒப்புக்கொண்டார். சித்திரம் நெளியக்கூடாது என்ற அவருடைய அக்கறையில் தப்பில்லை. ஆனால் ஓடுகிற பில்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக நிற்கும் சுவரை வாங்கிக்கொண்டது எனக்கு நஷ்ட வியாபாரமாகத்தான் தெரிகிறது. சாட்டர்ன் பக்கம் சொல்ல ஒன்று இருக்கிறது: பிளேஸ்டேஷன் போர்ட்டின் அரங்குகள் இதில் கிடைக்கின்றன, எண்ணிக்கையில் மற்ற இரண்டும் கிட்டே வராது.

"அப்போ சாட்டர்ன்தானே லாபம்?" என்றான் மருமகன்.

"ஆடணும்னா பிளேஸ்டேஷன் வாங்கு. அது இந்தப் பட்டியல்லயே இல்ல. இந்த மூணுல ஒண்ணுன்னா நின்டெண்டோ. பாட்டு மட்டும் கேட்கணும்னா என் 3டிஓவைத் தூக்கிட்டுப் போ."

அடுத்த சனிக்கிழமை கார்ட்ரிட்ஜோடு வந்தான். வாயால் ஊதப் போனவனைத் தடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு, அதன் செம்புப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைக்கக் காட்டிக் கொடுத்தேன். கறுப்பாக அழுக்கு வந்தது. மூன்றாவது முறை பஞ்சு வெள்ளையாக நின்றதும் செருகினோம். முதல் அரங்கைச் சிரித்துக்கொண்டே முடித்தான். நாலாவதில் செத்தான்.

"மாமா, சேவ் எங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"அணைச்சா எல்லாம் முதல்ல இருந்து."

ஒரு நிமிஷம் டிவியைப் பார்த்தான், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். அப்புறம் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான்.