ஹெச்எம்டி டிராக்டருக்கு மூன்று முறை ஸ்டிக்கர் ஒட்டியவனின் அனுபவம்

எங்கள் தோட்டத்து ஹெச்எம்டி 2511 டிராக்டர் அப்பாரு (அப்பாவின் அப்பா) வாங்கியது. செக் நாட்டு ஜெட்டார் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வந்த 25 குதிரைத்திறன் வண்டி. பல்லடத்துக்குத் தெற்கே இன்னும் தண்ணி டேங்கர் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2016இல் மத்திய அரசு ஹெச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் ஸ்பேர் எப்படியோ கிடைக்கிறது. எங்கள் வண்டிக்குப் பொருந்துகிற பானெட் ஸ்டிக்கர் மட்டும் அகப்படவே இல்லை.

2019இல் கோயமுத்தூரில் ஒரு ரேடியம் கடைக்குப் போனேன். போனில் எடுத்த படத்தைக் காட்டியதும் அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தார்கள், 350 ரூபாய். ஒட்டிய அன்று அம்சமாக இருந்தது. அடுத்த சித்திரை வெயிலுக்குள் ஓரமெல்லாம் உள்வாங்கி, சுற்றிலும் பசை கருப்புக் கோடாகத் தெரிந்தது. சிவப்பு வெளிறி ரோஸ் ஆகிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் தாளைத்தான் வினைல் என்கிறார்கள். மலிவு ரகம், உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது. சூடு பட்டால் இழுத்ததெல்லாம் திரும்பச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் வினைல் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்தது. 50 மைக்ரான் அளவுக்கு மெலிசு, பானெட் வளைவில் படிந்து உட்காரும், சுருக்கமும் குறைவு. விலை மூன்று நான்கு மடங்கு. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை காஸ்ட் வினைல், மேலே லேமினேஷன், எல்லாம் சரியாகக் கேட்டு வாங்கினேன். வண்டிக்கும் புதுசாகப் பெயிண்ட் அடித்தோம். “ரெண்டு நாள்ல காஞ்சிருமுங்க” என்றார் பெயிண்டர். நம்பி ஐந்தாம் நாள் ஒட்டினேன். பத்து நாளில் எழுத்து முழுக்கக் கொப்புளம். எனாமல் பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் அதற்குள் இருக்கிற தின்னர் வெளியேற வாரக்கணக்காகும். மேலே ஸ்டிக்கரை மூடிவிட்டால் அது எங்கே போகும்? 1,400 ரூபாயை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அந்த எரிச்சலில்தான் மூன்றாவது முறை எதையும் அவசரப்படாமல் செய்தேன். நல்ல வேளையாக, பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். பழைய ஒரிஜினல் பட்டை இடப்பக்கம் பாதிதான் மிச்சம். ஆனால் உதிர்ந்த இடத்திலும் எழுத்தின் நிழல் இருந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்துப் பெயிண்ட் வெயில் படாததால் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாய்வாக டார்ச் அடித்தால் தெளிவாகத் தெரியும். பட்டர் பேப்பரை மேலே ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அப்படியே எடுத்துக்கொண்டேன். போட்டோவை நம்பாதீர்கள். பானெட் வளைவு, போன் லென்ஸ் இரண்டும் சேர்ந்து எழுத்தைக் குட்டையாக்கிவிடும். நிறத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் போட்டோ போதும், அதுவும் நிழலில் எடுத்தது.

அதைக் கம்ப்யூட்டரில் கோரல் டிராவில் வரைந்த தம்பி கைக்குக் கிடைத்த தடித்த ஃபான்ட்டை வைத்து முடிக்கப் பார்த்தார். அந்தக் காலத்து எழுத்து கையால் வரைந்தது. ‘எம்’ எழுத்தின் நடுக்கால் எங்கே முடிகிறது என்பதே வேறு. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக இழுக்கச் சொன்னேன். இரண்டு மாலைகள் போயின, டீச் செலவு என்னுடையது.

அச்சுக்குத் திருப்பூர் போனேன். ஊரெல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங் (வலைச்சட்டம் வழியாக மையைத் தள்ளி அடிப்பது) இருக்கும்போது இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பழைய ஸ்டிக்கர்களும் ஸ்கிரீனில் அடித்தவைதான். மை கனமாக உட்காரும், டிஜிட்டல் பிரிண்ட் மாதிரி சீக்கிரம் வெளிறாது. ஆனால் பனியன் மை இதற்கு ஆகாது. அதை வேகவைக்க 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வினைல் அதற்குள் சுருண்டுவிடும். காற்றில் காய்கிற வினைல் மை தனியாக வாங்க வேண்டியிருந்தது. “ஏனுங்ண்ணா, ரெண்டு ஸ்டிக்கருக்கு ரெண்டு ஸ்கிரீன் போடச் சொல்றீங்களா?” என்று அச்சுக்காரர் சிரித்தார். நியாயம்தான், நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் ஆகிறது. கடைசியில் பத்து செட் அடித்தோம், மொத்தம் 3,200 ரூபாய். மிச்சத்தைக் காங்கேயம், தாராபுரம் பக்கம் இதே வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சும்மா கொடுத்தேன். கம்பெனி முத்திரை போட்டதைக் காசுக்கு விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒட்டத் தயாரானபோது ஆடி பிறந்துவிட்டது. அம்மியே பறக்கிற காற்றில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தூசியில், ஸ்டிக்கர் ஒட்டினால் மணல் காகிதம்தான் மிஞ்சும். ஐப்பசி மழையும் ஓயட்டும் என்று காத்திருந்து, 2021 தையில் காலை எட்டு மணிக்குள் ஒட்டினேன். பெயிண்ட் அதற்குள் நன்றாகவே காய்ந்திருந்தது. சோப்புத் தண்ணி தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, வளைவில் ஹீட் கன் காட்டினேன். ஒரு வாரம் வண்டியைக் கழுவவில்லை.

இப்போது நான்கரை வருடம் ஆகிறது. இடப்பக்கம் அப்படியே இருக்கிறது, நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலப்பக்கம் டீசல் மூடிக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு ஓரம் தூக்கிவிட்டது. சிந்துகிற டீசல் பசையை இளக்கிவிடுகிறது. அந்த ஓரத்துக்கு மட்டுமாவது மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்திருக்க வேண்டும்.

உண்மையில் வீட்டில் எல்லோருக்கும் உபயோகமானது பானெட் எழுத்து இல்லை. கியர் நிலைப் படமும் ஹைட்ராலிக் லிவர் குறிப்பும் அழிந்து இருபது வருடம் இருக்கும். அப்பாவுக்கு அது கைப்பழக்கம். புதிதாக வந்த டிரைவர் ரிவர்ஸைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கிரீன் எடுப்பதற்கான அதே ஃபிலிமில் இவற்றையும் மூலையில் சேர்த்து அடித்ததால் தனிச் செலவே இல்லை. நீங்கள் செய்தால் அதை முதலில் செய்யுங்கள்.

இந்தத் தைரியத்தில் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) சிங்கர் தையல் மிஷினிலும் கை வைத்தேன். அது வேறு சமாச்சாரம், தண்ணீரில் நனைத்து நழுவவிடுகிற டெக்கால். பழைய மிஷின்களின் மேல்பூச்சு அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட்டில் கரையும். தெரியாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மிச்சமிருந்த தங்கப்பூவையும் நானே அழித்தேன். அமுச்சி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். பிரிண்டரில் தங்க நிறம் வராது என்பதால் டெக்கால் பேப்பரிலும் ஸ்கிரீனில்தான் அடித்தோம். துணி உரசுகிற முன்பக்கம் தவிர மற்றது இரண்டு வருடமாக நிற்கிறது.

ஒரு வண்டிப் புரோக்கர் வந்து, ரிவிட் அடித்த கம்பெனித் தகட்டையும் இதே மாதிரி வருடம் மாற்றிச் செய்து தர முடியுமா என்று கேட்டார். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருக்கிற தகடு அலங்காரம் இல்லை, ஆர்டிஓ பார்க்கிற அடையாளம். முடியாதுங்க என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பாசிட்டிவ் ஃபிலிம் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவுக்குள் படுக்கை வசமாக வைத்திருக்கிறேன். கடையில் ஸ்கிரீனைக் கழுவிவிடுவார்கள், ஃபிலிமைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற தையில் வலப்பக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும், இந்த முறை கிளியர் கோட்டோடு.