சட்டக் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம்: ஒரு பயனாளியின் மதிப்பீடு

எங்கள் மாவட்டத்தில் உள்ள சட்டக் கல்லூரி ஒன்று நடத்தும் இலவச சட்ட உதவி மையத்தின் செயல்பாட்டை, எங்கள் தெருவில் வசிக்கும் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாருக்குத் துணையாகச் சென்றபோது அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். அவருடைய குடும்ப விவகாரம் ஊரறியக் கூடாது என்பதால் கல்லூரியின் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட மையங்கள் பல சட்டக் கல்லூரிகளில் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தெரியாமலேயே பலர் பத்திர எழுத்தரிடமும் இடைத்தரகரிடமும் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைகிறார்கள். எனவே எதற்காகப் போகலாம், என்ன கிடைக்கும், எங்கே சிக்கல் வரும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களை முழு மனத்தோடு பாராட்டுவேன், அவர்களுக்குக் கல்வி அமைப்பு கொடுத்திருக்கும் இடம் மிகவும் குறுகியது.

இந்த மையம் கல்லூரி மனமிரங்கிச் செய்யும் தான தருமம் அன்று. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்றும், இறுதியாண்டு மாணவர்கள் அதை நடத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39அ உறுப்பு, வறுமையின் காரணமாக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்ற கடமையை அரசின்மீது வைத்தது. 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், சட்டக் கல்லூரிகளில் இத்தகைய மையங்கள் அமைவதை ஊக்குவித்து மேற்பார்வையிடும் பொறுப்பைத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். அத்தை முதல் நாள் தயங்கித் தயங்கி, "நம்மகிட்ட வீடு இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஏதும் சொல்வாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கவலைக்கு இடமே இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை குறை சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி ஊருக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்திலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மையமோ வளாகத்தின் உட்கோடியில், பெயர்ப்பலகைகூடச் சரியாகக் கண்ணில் படாத ஓர் அறையில் இருக்கிறது. இது ஒரு கல்லூரிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரியே உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய பழைய கட்டடத்திலிருந்து 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் பிரித்து அனுப்பப்பட்டது. அதற்கான காரணங்கள் என்னவாக இருந்தாலும், பொதுமக்கள் நடமாடும் இடத்திலிருந்து சட்டம் பயிலும் மாணவர்கள் விலகிப்போனால் உதவி மையத்தின் வாசலும் அவர்களோடு சேர்ந்து விலகிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு அமர்ந்தால் வருபவர்களின் எண்ணிக்கை எத்தனையோ மடங்கு கூடும்.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு கிடைத்த கவனிப்பு, காசு கொடுத்துப் போகும் பல இடங்களில் கிடைக்காதது. இறுதியாண்டு மாணவி ஒருவரும் அவருக்கு உதவியாக இளைய மாணவர் இருவரும் இருந்தார்கள். அத்தையின் பிரச்சினை நம் ஊர்களில் அடிக்கடி கேள்விப்படுவதுதான். கணவர் இறந்த பிறகு, இருந்த ஒரே வீட்டை இளைய மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தார். எழுதி முடித்த சில ஆண்டுகளில் சாப்பாடு நின்றது, மருந்து நின்றது, கடைசியில் முன்னறையும் பூட்டப்பட்டது. இதைச் சொல்லத் தொடங்கியவர் திருமணமாகி வந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். அந்த மாணவி ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. இளையவர்களில் ஒருவர் "பாட்டி, எந்த வருஷம் எழுதினீங்க?" என்று இடைமறித்தபோது, அவர் கையமர்த்திவிட்டு, அத்தை தானாக நிறுத்தும்வரை காத்திருந்து, பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேசி முடித்ததும் கதை கேட்ட வரிசையிலேயே குறிப்பை வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா பாட்டி?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

அடுத்ததாக அவர் செய்த காரியம்தான் வழக்கின் போக்கையே தீர்மானித்தது. பத்திர நகலைக் கையில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். இளையவர்கள் இருவரையும் உடன் படிக்க வைத்தார். சொத்து விவரத்துக்கு முன்பாக, நெருக்கி அடிக்கப்பட்ட ஒரு பத்தியின் நடுவில், மகன் தாயை ஆயுட்காலம்வரை பராமரித்து வர வேண்டும் என்ற வாசகம் இருந்தது. அத்தைக்கு அது தெரியாது. பத்திர எழுத்தர் வழக்கமான வாசகமாகச் சேர்த்திருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்க முடியும். நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே எத்தனையோ வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன; எனவே அந்த ஒரு வரியின் மதிப்பு பெரியது. அதைக் கண்டெடுத்தது பொறுமையான வாசிப்பு மட்டுமே.

இந்தச் சட்டத்தின் கீழ் மனு கொடுக்க வேண்டிய தீர்ப்பாயத்துக்குத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தலைவர். 17ஆம் பிரிவு இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2021இல் அந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது என்றாலும், முதியவர்கள் பெரும்பாலும் தாங்களே மனு எழுதி, தாங்களே நின்று பேச வேண்டியிருக்கிறது. மனுவைச் சரியாக எழுதித் தரும் மாணவர்களின் உதவி இங்கேதான் பொன்னாக மதிக்கத்தக்கது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம், மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத பராமரிப்புத் தொகை கேட்கலாம், இரண்டையும் சேர்த்தும் கேட்கலாம் என்று மூன்று வழிகளையும் அவற்றின் பின்விளைவுகளோடு விளக்கினார்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதுதான் வலுவான வழி என்று இளைய மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு சொன்னார். மூத்த மாணவி, "முடிவு பாட்டியோடது, நாம எடுக்கக் கூடாது" என்று அவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரும்படி அத்தையிடம் கூறினார். பேரப்பிள்ளைகள் அதே வீட்டில் இருப்பதால் பத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, மாதப் பணமும் முன்னறையில் வசிக்கும் உரிமையும் போதும் என்று அத்தை தீர்மானித்தார்.

மனுவைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டியபோது "எதிர்மனுதாரர் மனுதாரரைக் கொடுமைப்படுத்தி வந்தார்" என்ற வரி வந்ததும் அத்தை நிறுத்தினார். "அவன் என்னை அடிக்கலம்மா. சோறு போடல, அவ்வளவுதான். நடந்ததை மட்டும் எழுது" என்றார். அந்த வரி அங்கேயே அடிக்கப்பட்டது. எந்த மாதத்திலிருந்து சாப்பாடு நின்றது, மருந்துச் செலவை யார் பார்த்தார்கள் என்ற விவரங்கள் அதன் இடத்தில் ஏறின. மனுவுக்கு வலுச் சேர்த்ததும் அந்த விவரங்கள்தான். சட்டக் கல்வியில் தலைமைப் பண்பை வளர்ப்பது பற்றிக் கருத்தரங்குகளில் நிறையப் பேசப்படுகிறது. தனக்குத் தெரிந்த சட்டத்தைக் காட்டிலும் எதிரில் அமர்ந்திருப்பவரின் விருப்பம் பெரிது என்று ஏற்று, அந்தப் பழக்கத்தை இரண்டு இளையவர்களுக்கும் அதே மேசையில் கற்றுக்கொடுத்த அந்த மாணவியிடம் நான் பார்த்ததைத்தான் தலைமை என்று மனதாரச் சொல்வேன்.

இனி, குறைக்கு வருகிறேன். மனு தாக்கலாகி விசாரணை நாள் வந்தபோது பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் மையம் பூட்டியிருந்தது. மேற்பார்வை ஆசிரியரும் தேர்வுப் பணியில் இருந்தார். அத்தையும் நானும் மட்டும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். விசாரணையை வேறொரு தேதிக்குத் தள்ளிவைத்ததால் பாதிப்பு ஏற்படவில்லை. ஆனால் விடுமுறைக்குப் பிறகு போனபோது அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டிருந்தார். புதிதாக வந்தவர்கள் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். கோப்பு இருந்தது, குறிப்புகளும் இருந்தன. ஆனால் அடுத்து யார் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்படவில்லை. கணவர் இறந்த நாளையும் வீடு பூட்டப்பட்ட நாளையும் இன்னொரு முறை ஒரு முதியவரைச் சொல்ல வைப்பது சிறிய விஷயம் அன்று. அன்று அத்தை திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை.

இதற்காக அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்திட்டத்தைப் பார்த்தால் காரணம் புரியும். 1997இல் பார் கவுன்சில் நான்கு செயல்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியபோது, அவற்றில் ஒன்று பொதுநல வழக்காடலும் சட்ட உதவியும் சார்ந்ததாக இருந்தது. 2008 விதிகளில் அந்தத் தாள் இல்லை. வரைவு, தொழில் நெறிமுறை, மாற்றுத் தகராறுத் தீர்வு (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் முறை), மாதிரி நீதிமன்றமும் உள்ளகப் பயிற்சியும் என்பவையே கட்டாயச் செயல்முறைப் பாடங்கள். கட்சிக்காரரிடம், அதாவது வழக்குக்காக உதவி தேடி வருபவரிடம், விவரம் கேட்கும் முறையைக் கற்க, வழக்கறிஞர் அலுவலகத்திலோ சட்ட உதவி அலுவலகத்திலோ இரண்டு அமர்வுகளை உடனிருந்து பார்த்து நாட்குறிப்பில் எழுதினால் 15 மதிப்பெண். பார்த்து எழுதினால் மதிப்பெண் உண்டு. ஒரு முதியவரின் மனுவை முதலிலிருந்து கடைசிவரை சுமந்தால் தனியாக எந்த மதிப்பெண்ணும் கட்டாயமில்லை. இந்த ஏற்பாட்டில், தேர்வு நெருங்கும்போது மாணவர் எதைக் கைவிடுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர்களின் நிலையும் கடினமானதே. முழுநேர ஊதியம் பெறும் சட்ட ஆசிரியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. மாணவர் பதிவுபெற்ற வழக்கறிஞர் அல்லர் என்பதால் நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக நிற்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்ட மாணவர்கள் நீதிமன்றத்தில் நேரடியாக வாதிட விதிகள் இடம் தருகின்றன; மருத்துவ மாணவர் வார்டில் நோயாளியைப் பார்த்துக் கற்பதைப்போல அங்கே மாணவர் கட்சிக்காரரைப் பார்த்துக் கற்கிறார். இந்தியாவில் அந்த எண்ணத்தை ஊன்றப் பாடுபட்டவர் என்.ஆர். மாதவ மேனன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கிய அவர், சமூகத்துக்குப் பயன்படும் வழக்கறிஞரை உருவாக்குவதே சட்டக் கல்வியின் வேலை என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தி 2019இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணி பாதியில் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. சட்ட உதவிப் பணியை மதிப்பெண் உள்ள முழுப் பாடமாக்குவதும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் வாரந்தோறும் மையத்தில் அமர்வதும், ஒவ்வொரு கோப்புக்கும் இறுதியாண்டு மாணவரோடு அவருக்கு இளையவர் ஒருவரின் பெயரையும் முதல் நாளே எழுதி வைப்பதும் செய்தாலே நான் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். மூன்றாவதைச் செய்ய எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை. கல்லூரி முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

அத்தையின் மனுவில் மாதத் தொகையும் முன்னறையும் அவருக்கு உண்டு என்று உத்தரவாகிவிட்டது. அறிவிப்பு எதிர்தரப்புக்குக் கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அதைவிடக் கூடுதலாக ஆனது. அந்தத் தாமதத்தில் மையத்துக்குப் பங்கில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். பருவத் தேர்வு மாதங்களைத் தவிர்த்துவிட்டு, கல்வியாண்டின் தொடக்கத்தில் போவது நல்லது. அப்போது கையில் எடுக்கும் மாணவரே பெரும்பாலும் கடைசிவரை உடன் வருவார். செட்டில்மெண்ட் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வயதைக் காட்டும் அடையாள அட்டை, மருந்துச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இரண்டு படிகளாக எடுத்துச் செல்லுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பொறுப்பு மாணவரின் பெயரோடு மேற்பார்வை ஆசிரியரின் பெயரையும் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி தொலைவில் இருந்தாலோ மையம் பூட்டியிருந்தாலோ, தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லா எண் 15100ஐ அழைக்கலாம்; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் செல்லலாம்.