ஒரு சென்டிமீட்டர் போதாத பை: 200-500 லென்ஸோடு மூன்று வருடம்

சிக்மா 150-600 லென்ஸ் வாங்கியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற கேமரா பையையே நானும் வாங்கிடவா?" அன்றுதான் அந்தப் பையின் ஜிப்பை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

என் லென்ஸ் நிக்கான் 200-500, தூரத்துப் பறவைகளை எடுக்கும் ஜூம் லென்ஸ். நீளம் 26.8 செ.மீ. டி500 கேமரா பாடியை மாட்டினால் இன்னும் 8 செ.மீ. லென்ஸ் முனையில் வெயில் மறைக்கும் ஹூடைத் திருப்பி மாட்டி வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 35. பையின் உயரம் 38 என்று போட்டிருந்தார்கள்; நீண்ட லென்ஸ் கேமராவோடு உள்ளே படுத்திருக்கும் படமும் இருந்தது. 3 செ.மீ. மிச்சம் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். வந்ததும் டேப் வைத்து அளந்தால் உள்ளே 34தான். 38 என்பது வெளி அளவு. மேலே 2, கீழே 2 ஃபோமுக்கே போய்விட்டது.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ஒன்றுக்காக மூன்று வருடமாகப் பாடியைக் கழற்றி வைத்து, போன இடத்தில் மாட்டி, திரும்பும்போது மறுபடி கழற்றிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கரணையில் ஒரு காலை, சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழப் பறந்து நேராக என்னை நோக்கி வந்தது. நான் பாடியில் லென்ஸ் மாட்டும் வாயின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மாட்டி நிமிர்ந்தபோது அதன் முதுகுதான் தெரிந்தது. கோடியக்கரையில் இன்னும் மோசம். உப்பளக் காற்றில் பாடியைத் திறந்ததில் சென்சாரில் தூசி விழுந்து, அன்று எடுத்த பூநாரைப் படங்கள் எல்லாவற்றிலும் வானத்தில் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி.

அதன்பிறகுதான் கேமராவோடு சாய்த்து வைத்து ஜிப்பை இழுத்து மூட ஆரம்பித்தேன். பல் விரிந்து ரன்னர் கழன்றது அதனால்தான். ஜிப்பைக் குறை சொல்ல மாட்டேன், இழுத்தது நான். ஆனால் இழுக்க வைத்தது அந்த அளவு.

மற்றபடி பையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. லென்ஸ் 2.3 கிலோ, பாடி 860 கிராம், பை கிட்டத்தட்ட 2 கிலோ. இவ்வளவையும் இடுப்புப் பட்டை தாங்கிக்கொள்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் காலை முழுக்க நடந்தும் தோள் வலித்ததில்லை. மார்கழி மழையில் இரண்டு முறை நன்றாக நனைந்தேன். மழை உறைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒரு தையல்கூட விடவில்லை. ஒன்று மட்டும், இதற்கென்று இல்லை, எந்தப் பைக்கும் பொருந்தும்: நம் ஊர்க் காற்றில் லென்ஸைப் பையிலேயே விட்டு வைக்காதீர்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடியில் பூஞ்சை வந்துவிடும்.

நண்பருடைய 150-600 கன்டெம்பரரி மாடல் என்றால் 26 செ.மீ., அவருக்கும் இதே கதைதான். சோனி 200-600 நீளமே 32 செ.மீ. இருக்கிறது, பாடியோடு 40 பக்கம் வரும். ஆகவே கடைக்குப் போகும்போது கேமராவை மாட்டியே எடுத்துப் போங்கள். லென்ஸை ஸ்டாண்டில் பொருத்தும் காலர் காலை எந்தப் பக்கம் திருப்பினால் தடுப்பில் இடிக்காது என்று பார்த்து, உள்ளே வைத்து, ஜிப்பை முழுக்க மூடிப் பாருங்கள். ஆன்லைனில் என்றால் உள் அளவைக் கேட்டு வாங்குங்கள். சொல்லவில்லை என்றால் அந்தப் பை வேண்டாம்.

ஜிப் மாற்றிய பெரியவர் பைக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, "மேல எதுக்கு சார் இவ்ளோ ஸ்பாஞ்ச்? பாதி எடுத்துடவா?" என்றார். எனக்கு மனசே வரவில்லை. அப்புறம் சரி என்றேன். பத்து நிமிடத்தில் பிரித்து, மெல்லிய ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அங்கேயே கேமராவோடு வைத்து மூடினேன். ஜிப் தடங்கலில்லாமல் ஓடியது.

மூன்று வருடமும் என் கையில்தானே இருந்தது அந்தப் பை! படம் போட்டு விற்றவர்கள் செய்ய வேண்டியதை அவர் செய்தார். வாங்காதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். நான் வரித்தலை வாத்து பார்க்கக் கூந்தன்குளம் போகிறேன், இதையேதான் மாட்டிக்கொண்டு.