நகராட்சியின் தொழில் உரிமச் சேவை: ஒரு சிப்ஸ் கடைக்காரரின் மதிப்பீடு

குமரி மாவட்டத்தின் ஒரு நகராட்சியில் எங்கள் நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்குத் தொழில் உரிமம் பெற்ற அனுபவத்தைப் பதிவு செய்கிறேன். இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியது எளிதாகவே இருந்தது. நேரில் வந்த சுகாதார ஆய்வாளர், கடை முகப்பில் எரியும் விறகடுப்பின் புகை அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் போவதைக் குனிந்து பார்த்து, புகைபோக்கியை உயர்த்தச் சொன்னார். அது நியாயமான அறிவுரை, அதை அன்றே செய்துவிட்டோம். ஆனால் அதன்பிறகு கோப்பு நீண்ட நாள் நகரவே இல்லை. மூன்று முறை அலைந்தபோதும், எந்த மேசையில் நிற்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகளின்படி இந்த உரிமத்தை வழங்குபவர் ஆணையர். சமுதாய நலக்கூடத்தின் வாடகை, பராமரிப்பு போன்றவை வார்டு உறுப்பினர்கள் கூடும் நகர்மன்றக் கூட்டத்தின் தீர்மானத்துக்கு வருபவை. இந்த வேறுபாடு தெரியாமல் நான் வார்டு உறுப்பினரைத் தேடி வீணாக நடந்தேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இதிலிருந்து தனியானது என்பதையும் புதிதாகக் கடை தொடங்குவோர் மறக்க வேண்டாம்.

மன்றக் கூட்டம் ஒன்றில், நலக்கூடத்தின் கழிவறைக் கதவு சரிசெய்யப்படாததைப் பற்றி ஒரு பெண் உறுப்பினர் விடாமல் பேசியதைக் கேட்டபோது மனம் நிறைந்தது. அந்த அக்கறை உரிமப் பிரிவின் மேசைக்கும் வர வேண்டும். சேவைக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருகிறேன்.