சார்ஜ் ஏறாத ஸ்மார்ட்வாட்ச்: சேவை மையமும் ரிச்சி தெருக் கடையும்

என் அப்பாவுக்கு வயது 69. காலை நடையின்போது இதயத் துடிப்பையும் நடந்த தூரத்தையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக 3,999 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தேன். பதிமூன்று மாதம் குறையில்லாமல் உழைத்த அந்த வாட்ச் ஒரு நாள் காலையில் நின்றுபோனது. “ராத்திரியே சார்ஜ் போட்டு வச்சேன்பா, விடிஞ்சு பார்த்தா கண்ணே திறக்க மாட்டேங்குது” என்றார் அப்பா. உத்தரவாதம் ஓராண்டோடு முடிந்துவிட்டது. அது எந்த நிறுவனத்தின் வாட்ச் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பின்பக்கத்தில் இரண்டு உலோகப் புள்ளிகளை வைத்து, காந்தம் பொருத்திய கேபிளை அதில் ஒட்டவைத்துச் சார்ஜ் ஏற்றுகிற எல்லா வாட்ச்களுக்கும் இந்தக் குறை பொதுவானது. நான் இங்கே மதிப்பிடுவது அந்த வடிவமைப்பையும், அதைப் பழுதுபார்க்கச் சென்ற இரண்டு இடங்களையும்தான்.

முதலில் வீட்டில் செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாட்ச்களில் இருப்பது சிறிய லித்தியம் பேட்டரி. முழுதாக ஏறியிருக்கும்போது அதன் மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட் அளவில் இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கிவிட்டால், பேட்டரியோடு இணைந்த பாதுகாப்புச் சுற்று தொடர்பைத் துண்டித்துவிடும். அந்த நிலையில் சார்ஜரில் வைத்தாலும் எடுத்த எடுப்பில் முழு மின்னோட்டம் போகாது. பேட்டரி ஓரளவு தேறும்வரை மிகக் குறைந்த அளவில்தான் மின்சாரம் ஊறும், அதுவரை திரையில் எந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘வாட்ச் போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். குறைந்தது அரை மணி நேரமாவது கையை வைக்காமல் விட்டுவிட வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரம் விட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது. பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தும் பயனில்லை.

அடுத்து அடாப்டரை மாற்றிப் பார்த்தோம். அப்பா தம் கைப்பேசிக்கு வந்த வேகச் சார்ஜரிலேயே வாட்ச்சையும் செருகி வந்திருந்தார். இந்த வகை வாட்ச்களுக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் பழைய அடாப்டரே போதும், பல கையேடுகளும் அதைத்தான் சொல்கின்றன. பவர் பேங்கில் செருகிச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாட்ச் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் செருகப்படவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும். அதேபோல் அடாப்டரின் துளையும் அதில் செருகும் கேபிள் முனையும் யுஎஸ்பி-சி ஆக இருக்கும் இணைப்பில், ‘நான் இருக்கிறேன், மின்சாரம் தா’ என்று அடாப்டருக்குத் தெரிவிக்கும் 5.1 கிலோ ஓம் மின்தடை கேபிளில் இல்லாவிட்டால் அடாப்டர் வாயே திறக்காது. மலிவான வாட்ச் கேபிள்கள் சிலவற்றில் அந்த மின்தடை இருப்பதில்லை. எங்களுடையது பழைய செவ்வக முனைக் கேபிள் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. மூன்று அடாப்டரிலும் மடிக்கணினியிலும் செருகிப் பார்த்தாயிற்று.

ஒரே ஒரு முறை, நான் கேபிளின் தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபோது, பச்சைநிறப் பேட்டரிப் படம் ஒரு நொடி தோன்றி மறைந்தது. அதன் பொருளை நான் அன்று படிக்கத் தவறிவிட்டேன். அடையாளம் தோன்றி உடனே மறைந்தால் தொடுமுனையில் கோளாறு. அடையாளம் நிலையாக நின்றும் விழுக்காடு நகரவில்லை என்றால் பேட்டரியையோ சூட்டையோ சந்தேகிக்கலாம், ஏனென்றால் பேட்டரியின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பல கருவிகள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். எதுவுமே தோன்றாவிட்டால்தான் உள்ளிருக்கும் சுற்றுப்பலகை வரை போய் யோசிக்க வேண்டும். இந்த வரிசை எனக்கு அன்றே தெரிந்திருந்தால் இரண்டு வாரமும் அப்பாவின் மன உளைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

நாங்கள் சென்றது நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்கு. குளிரூட்டிய கூடம், டோக்கன், உட்கார நல்ல இருக்கைகள், வாங்கிக்கொண்டதற்கு உடனே குறுஞ்செய்தி என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மரியாதையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் முகப்பில் இருந்தவர் வாட்ச்சைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கவே இல்லை. கேபிளைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்கவும் இல்லை. நான் எடுத்து நீட்டியபோது, “அது வேண்டாம் சார், எங்ககிட்ட இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்கு நாள் கழித்து வந்த பதில்: போர்டு பழுது, சரிசெய்ய இயலாது, பழைய வாட்ச்சைக் கொடுத்துவிட்டு 2,800 ரூபாய்க்குப் புதிது வாங்கிக்கொள்ளலாம். எந்தச் சோதனையின் பேரில் போர்டு பழுது என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டதற்கு எழுத்தில் எதுவும் தரவில்லை. இந்த விலையுள்ள வாட்ச்களைத் திறந்து பழுதுபார்ப்பதைவிட மாற்றிக் கொடுப்பது அவர்களுக்கு எளிது என்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் 2,800 ரூபாய் கேட்பதற்கு முன் இரண்டு உலோகப் புள்ளிகளைத் துடைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மாற்றிக்கொள்ள மறுத்து வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் கேபிள், அடாப்டர், சுற்றுப்பலகை என்று தெரு முழுக்க மின்னணுப் பொருள்கள்தான். அதன் கிளைச் சந்து ஒன்றில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் உட்காரும் அளவே உள்ள கடை. பெயர்ப்பலகை கிடையாது, ஒரு மேசை, மேலே உருப்பெருக்கி விளக்கு, பக்கத்தில் சால்டரிங் இரும்பு. முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் இருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து தம் முக்காலியைக் கொடுத்துவிட்டு, நான் பேசத் தொடங்கும் முன்பே கேட்ட முதல் கேள்வி: “கேபிள் கொண்டாந்தீங்களா சார்?”

அவர் செய்த சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அதுதான். அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவே கட்டைவிரல் அளவிலான ஒரு யுஎஸ்பி மீட்டரைச் செருகினார். மின்னழுத்தம் 5.08 வோல்ட் என்று காட்டியது. வாட்ச்சை ஒட்டவைத்தால் மின்னோட்டம் 0.00 ஆம்பியர். விரலால் அழுத்தினால் 0.04 வரை ஏறித் துடித்து மறுபடியும் சுழிக்கு வந்தது. பிறகு கேபிளின் தலையை விளக்கடியில் வைத்து, ஒரு பல்குச்சியால் இரண்டு பின்களையும் ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். அவை உள்ளே வில்கம்பி வைத்த பின்கள். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்ப வேண்டும். ஒன்று டக்கென்று எழும்பியது. மற்றொன்று அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது. அதன் கழுத்தைச் சுற்றிப் பச்சையும் கறுப்புமாக ஒரு வளையம் படிந்திருந்ததை உருப்பெருக்கியில் அப்பாவும் பார்த்தார். வாட்ச்சின் முதுகில் அதே பக்கத்துப் புள்ளியின் மேல் பொன்முலாம் தேய்ந்து பழுப்பேறியிருந்தது.

“ஐயா, நடந்துட்டு வந்ததும் கழட்டி அப்படியே சார்ஜ்ல வச்சிடுவீங்களா?” என்று அவர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், பதிமூன்று மாதமாக.

வியர்வை உப்புநீர். அதில் ஒரு துளி இரண்டு பின்களுக்கும் இடையே நின்றிருக்கும்போது 5 வோல்ட் பாய்ந்தால் அங்கே மின்னாற்பகுப்பு நடக்கிறது. நேர்மின் பக்கத்து உலோகம் கரைந்து அரிக்கப்படும். மேல்முலாம் போனதும் அடியிலிருக்கும் செம்புக் கலவை பச்சைக் களிம்பாக மாறும். அந்தக் களிம்பு பின்னின் இடுக்கில் இறங்கி வில்கம்பியையும் முடக்கிவிடுகிறது. சென்னையின் புழுக்கத்தில் காலை ஆறு மணிக்கு நடந்தாலும் மணிக்கட்டு நனைந்துதான் வீடு திரும்பும். ஐபி68 என்றும் 5 ஏடிஎம் என்றும் பெட்டியில் அச்சிட்டிருப்பது வாட்ச்சுக்குள் தண்ணீர் புகாமல் காப்பதைப் பற்றியது. வெளியே திறந்து கிடக்கும் சார்ஜிங் புள்ளிகளுக்கு அதில் எந்தக் காப்பும் இல்லை. வியர்வை படும் இடத்திலேயே திறந்த உலோகத்தை வைத்துவிட்டு, ‘துடைத்துக் காயவைத்த பிறகே சார்ஜ் ஏற்றவும்’ என்ற ஒரு வரியைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவதை நல்ல வடிவமைப்பு என்று நான் ஒப்பமாட்டேன். அந்த வரி பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாறக்கூடும் என்பதால் ஒரு சொல். வாட்ச்சை ஒட்டவைக்காமல் பின்களை அளந்தால் களிம்பு பிடித்த பின்னும் 5 வோல்ட் காட்டும். களிம்பின் தடை, மின்னோட்டம் ஓடத் தொடங்கும்போதுதான் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. ஆகவே மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. மின்னோட்டத்தையும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி மீட்டரை அவர் எடுத்ததற்குக் காரணம் அதுவே.

சுத்தம் செய்ததும் பொறுமையான வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நைலான் தூரிகையால் வாட்ச்சின் புள்ளிகளைத் தேய்த்தார். உப்புத்தாள் போடலாமா என்று நான் கேட்டதற்கு, “மிச்சமிருக்கிற முலாமும் போயிடும் சார், அப்புறம் ஒரு மாசத்துல அரிச்சிடும்” என்று மறுத்துவிட்டார். சிக்கிய பின்னில் ஒரு துளி ஆல்கஹால் விட்டு, பல்குச்சியால் இருபது முப்பது முறை அமுக்கி அமுக்கி எடுத்ததில் அது முக்கால் அளவுக்கு எழும்பியது. வாட்ச்சை ஒட்டவைத்தோம். மீட்டரில் 0.00 என்றிருந்தது சிறிது நேரம் 0.03 என்று ஊர்ந்தது. ஐந்தாறு நிமிடத்தில் 0.21 ஆக உயர்ந்தபோது திரையில் பச்சைப் பேட்டரி நின்று எரிந்தது. போர்டும் பேட்டரியும் நலமாகத்தான் இருந்திருக்கின்றன.

அந்தப் பின் மறுபடியும் சிக்கும் என்று அவரே சொல்லிவிட்டதால் புதுக் கேபிளும் வாங்கினோம். இதில் கவனம் தேவை. பார்ப்பதற்கு எல்லாக் காந்தக் கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டு பின்களுக்கு இடைப்பட்ட தூரம் சிலவற்றில் 2.84 மில்லிமீட்டர், சிலவற்றில் 4 மில்லிமீட்டர். அளவு பொருந்தினாலும் காந்தத்தின் துருவம் மாறியிருந்தால் கேபிள் ஒட்டாமல் தள்ளிக்கொண்டு போகும். அதைத் திருப்பி வைத்து எப்படியாவது ஒட்டவைக்க முயல்வது ஆபத்து. நேர், எதிர் முனைகள் இடம் மாறிவிடும். கடைக்காரர் அளவுகோலால் அளந்து, மூன்று கேபிளை ஒட்டிப் பார்த்து, மீட்டரில் மின்னோட்டத்தையும் சரிபார்த்த பிறகே கொடுத்தார். சுத்தம் செய்ததற்கு 150 ரூபாய், கேபிளுக்கு 220 ரூபாய். செருகிய கேபிளைச் சாவிக்கொத்தோ சங்கிலியோ கிடக்கும் மேசையில் போடாதீர்கள், காந்தம் அதை இழுத்துப் பின்களைக் குறுக்கே இணைத்துவிடும் என்றும் எச்சரித்து அனுப்பினார்.

வாட்ச்சை மேலே வைத்தாலே ஏற்றும் திண்டு போன்ற கம்பியில்லாச் சார்ஜரைக் கொண்ட விலையுயர்ந்த வாட்ச்களில் இந்த அரிப்புச் சிக்கல் கிடையாது. அவற்றில் சார்ஜ் ஏற்ற வெளியே உலோகப் புள்ளிகளே இல்லை, சுருளிலிருந்து சுருளுக்குக் காந்தப்புலத்தின் வழியே மின்சாரம் போகிறது. ஆனால் அவற்றுக்கும் தனிக் குணம் உண்டு. ஆப்பிள் வாட்ச், கைப்பேசிகளைக் கம்பியில்லாமல் ஏற்றும் ‘சீ’ (Qi) என்ற பொதுத்தரத் திண்டில் ஏறாது, அதற்குரிய சார்ஜர் வேண்டும். தடித்த உறை போட்டிருந்தாலோ சிறிது விலகி அமர்ந்தாலோ சார்ஜ் சரியாக ஏறாமல் சூடேறலாம். அடுத்த முறை வாங்கும்போது அப்பாவுக்கு அந்த வகையைத்தான் பார்ப்பேன், விலை கூடினாலும்.

ஒரே ஓர் எல்லையைச் சொல்ல வேண்டும். வாட்ச்சின் முதுகு சற்றே புடைத்தோ திரை விளிம்பில் தூக்கியோ தெரிந்தால் அது பேட்டரி உப்பிய அடையாளம். அதற்குமேல் சார்ஜில் வைக்கவும் கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பவர்கள் வெளிக்கடையில் திறக்கக் கொடுக்காமல் நிறுவனத்திடமே கேட்க வேண்டும். நியாயமான காரணமின்றி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். எங்கள் வாட்ச்சைக் கடைக்காரர் திறக்கவே இல்லை என்பதால் நீர்க்காப்பும் கெடவில்லை.

இரண்டு மாதம் ஆகிறது. அப்பா நடந்து வந்ததும் வாட்ச்சைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதுகைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறார். குளித்து முடித்த பிறகே கேபிள். முழுதாக ஏற இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகிறது.

கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. மற்ற நாள்களில் காலை பதினொன்றரைக்கு முன் போனால் காத்திருக்க வேண்டும். அச்சிட்ட பில் கிடையாது, ஒரு துண்டுத்தாளில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். இந்தக் கடையானாலும் வேறு எந்தக் கடையானாலும் போகிறவர்கள் வாட்ச்சோடு, வழக்கமாகச் செருகும் கேபிளையும் அடாப்டரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள்.