12 வருடம், ஒரே கம்ப்யூட்டர், நான்கு ஃபார்மேட்

2013 ஜூனில் திண்டுக்கல்லில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-3220 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. மானிட்டர், யுபிஎஸ்ஸோடு 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. வீட்டிலேயே டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது: கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளி வினாத்தாள். இன்றும் அதே பெட்டியில்தான் சோறு.

தொட முடிவது ஹார்டுவேர், தொட முடியாதது சாஃப்ட்வேர் என்று பள்ளியில் படித்தோம். சரிதான். ஆனால் பெட்டி மக்கர் செய்யும்போது கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அது உதவாது. பல சர்வீஸ்காரர்களுக்கும் தெரிவதில்லை. அவர்களிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: "ஃபார்மேட் போட்டா சரியாயிடும்." டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் அது. எனக்கு நான்கு முறை போட்டார்கள். ஒன்றுதான் தேவைப்பட்டது.

அந்த ஒன்று, வாங்கிய மாதமே நடந்தது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பார்த்தால் 4 ஜிபி ராம், அதில் பயன்படுவது 3.24 மட்டும் என்றிருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு ஓடினேன். ராம் முழுசாகத்தான் இருந்தது. ஏற்றியிருந்தது 32 பிட் விண்டோஸ். அதனால் மொத்தமே 4 ஜிபி வரைதான் எண்ண முடியும், அதிலும் ஒரு பங்கை மற்ற பாகங்களுக்கு ஒதுக்கிவிடும். 64 பிட் போட்டதும் சரியானது. ஹார்டு டிஸ்க் 465 ஜிபி என்று காட்டியதற்கும் சண்டை போட்டேன், அது என் தப்பு. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இடம் எங்கும் போகவில்லை.

ராமும் டிஸ்க்கும் எப்படி வேறு என்பது அப்பாவின் அச்சகத்தை நினைத்தால் எனக்குச் சட்டென்று புரியும். சுவரோரம் அச்செழுத்துப் பெட்டிகள், கையில் எழுத்துகளை வரியாகக் கோர்க்கும் கம்போசிங் ஸ்டிக். ஸ்டிக் ராம் மாதிரி, எழுத்துப் பெட்டி டிஸ்க் மாதிரி. வேலை நடப்பது ஸ்டிக்கில்தான். அது கைதவறி விழுந்தால் கோர்த்த வரியெல்லாம் சிதறிவிடும், பெட்டியில் இருப்பது அப்படியே இருக்கும். ஒரு நாள் யுபிஎஸ் பேட்டரி கைவிட்டு, சேவ் செய்யாத நாற்பது பக்க வினாத்தாள் போனபோது அப்பா சொன்னது: "ஸ்டிக்கைக் கீழ போட்டுட்டியா?"

ராம் ஒருமுறை வேறு விதத்திலும் படுத்தியது. 2015 ஐப்பசி மழையில் ஒரு காலை பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, உள்ளே பீப் பீப் என்று சத்தம். வந்தவர் ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பொன்னிறப் பட்டைகளைத் தேய்த்துத் திரும்பச் செருகினார். ஓடியது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் அதே கோளாறுக்கு ஐந்து ரூபாய் ரப்பரோடு நானே உட்கார்ந்துவிட்டேன். திரையே வராமல் பீப் அடித்தால் விண்டோஸ் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை, அது இன்னும் எழவே இல்லை.

அப்புறம் பெரிய தொல்லை. 2016இல் இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10க்கு மாறியிருந்தேன். 2017இல் பெட்டி ஆமையானது. ஃபார்மேட். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மறுபடி ஆமை, மறுபடி ஃபார்மேட். மூன்றாவதாக யாரையும் கூப்பிடாமல், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் 8 சதவீதம், ராம் பாதி, டிஸ்க் மட்டும் 100. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் மஞ்சளில் எச்சரிக்கை வந்தது: கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக மாற்று இடங்களை டிஸ்க் ஒதுக்கிக்கொண்டே வருகிறது. டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டே கெட்டால் ஃபார்மேட் என்ன செய்யும்?

2018இல் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் சேமிக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். (அதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றியதை ஃபார்மேட் கணக்கில் சேர்க்கவில்லை.) இந்தப் பெட்டிக்குச் செய்த செலவில் உருப்படியானது இதுதான். என் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா பழைய வகை, எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. அப்படியும் இரண்டரை நிமிடம் எடுத்த விண்டோஸ் இருபது விநாடியில் வந்து நின்றது. ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றினாலும், ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கே ஒன்றுமில்லை. கூடவே ராமை 8 ஆக்கினேன், அது அவ்வளவாகத் தெரியவில்லை.

நான்காவது ஃபார்மேட் 2019 சித்திரை வெயிலில். பத்து நிமிடம் ஓடும், பட்டென்று அணையும். வைரஸ் என்றார்கள். ஃபார்மேட் போட்டபின்னும் அணைந்தது. கேபினெட்டைத் திறந்தால் பிராசசர் மேலிருந்த ஃபேனுக்கடியில் தூசி பஞ்சுமெத்தை மாதிரி, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஓரமாக ஒரு பல்லி முட்டை. விண்டோஸ் எழுமுன் திறக்கும் பயாஸ் திரையில் பார்த்தால் சூடு 90 டிகிரிக்கு மேல். அதற்கும் மேலே சூடு ஏறிக்கொண்டே போனால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்துப் புதிது தடவினேன். அன்றோடு நின்றது.

எல்லாமே ஹார்டுவேர் பக்கம்தான் என்றும் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவரும் தமிழ் ஃபைல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கும்போது "சிஸ்டம் போச்சா?" என்பார். போகவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ‘அ’ உண்மையில் ஆங்கில எம். ஃபைலுக்குள் இருப்பது 109 என்ற எண், எழுத்துரு அதற்கு ‘அ’ வேஷம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் ‘அ’வுக்கு 2949 என்று சொந்த எண் உண்டு, எந்தக் கம்ப்யூட்டரிலும் அது ‘அ’தான். ஆனாலும் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் யூனிகோடைத் தொடாது என்பதால் பாதி ஊர் இன்னும் பாமினியில் இருக்கிறது. நானும்தான்.

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கும் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11க்கு என் பிராசசர் தகுதியில்லையாம். வேலை செய்கிற பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்வது எரிச்சலாக இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். இணையம், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் பிரச்சினையில்லை. பிரின்டர் பேச ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். பேஜ்மேக்கர் மாதிரியான ஸ்க்ரைபஸ் மென்பொருளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது, ஆனால் பேஜ்மேக்கர் பழகிய கை இன்னும் தடுமாறுகிறது. பழைய ஃபைல்களுக்காக விண்டோஸை இன்னொரு டிஸ்க்கில் நெட் இணைப்பில்லாமல் வைத்திருக்கிறேன்.

மின்ட் போடுவதற்குச் சில வாரம் முன்பு, விண்டோஸில் இருந்தபோது, எந்த இணையதளமும் திறக்காமல், பாதுகாப்பில்லை என்று எச்சரித்தது. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப்பார்த்து, "வைரஸாண்ணே? ஃபார்மேட் போடணுமா?" என்றான். மூலையில் தேதியைப் பார்த்தேன். 2012 ஜனவரி. பதிமூன்று வருடம் பின்னால் நின்றுகொண்டு தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்த்தால் இன்றைய தளம் எதுவும் தேறாது. பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. முப்பது ரூபாய் கொடுத்து அவனையே கடைக்கு அனுப்பினேன்.